எட்டாவது பீடிங்

என் வீட்டுக்காரர் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துப் பல்செட்டு செய்து, தேய்த்து, மெருகேற்றி, சின்ன அட்டைப்பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவது இவர் வேலை. பல்லுக்கு ஒரு வருஷம் என்று எண்ணி வைத்தாற்போல் முப்பத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறார். பஸ்ஸில் வயதானவர் யாராவது வாய் நிறையச் சிரித்தால் என் முழங்கையை இடித்து, "நம்மளுது" என்பார். எனக்கு மானம் போகும்.

முன்னறை அவருக்கு, நடு அறை எனக்கு. நான் தையல்காரி. ஆஸ்பத்திரி நர்சுகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். எல்லாம் வெள்ளைத் துணி. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் வட்டாரத்தில் இவருக்கு "இன்னும்கொஞ்சம்" என்று பேர். டாக்டர் வீட்டு ஆள் பெட்டியை வாங்க வந்து வாசலில் நின்றால், "ஆச்சு, இன்னும் கொஞ்சம்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கட்டை விரலால் தடவிப் பார்ப்பார், தேய்ப்பார், மறுபடி தடவிப் பார்ப்பார். சாப்பிடும் தட்டின் விளிம்பைத் தடவாமல் கை நனைக்க மாட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் கன்னத்தைத் தடவினார். நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு வெட்கத்தில் தலை குனிந்தேன். கடைவாய்ப் பக்கம் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாராம்.

ஊரில் இத்தனை வாய்க்குப் பல் கட்டியவருக்கு வீட்டில் இருந்த ஒரே ஒரு வாய்க்குக் கட்ட முடியவில்லை. அது என் அப்பாவின் வாய்.

அப்பா நாற்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று பஸ் கம்பெனி கொடுத்த தாள், கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. அம்மா போன பிறகு தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு கடைசிப் பல்லும் விழுந்தது. டாக்டரிடம் வர மாட்டேன் என்று அடம் பிடித்ததால் இவரே அச்செடுத்தார். அச்சு மாவைக் குழைத்து வாயில் வைத்துவிட்டு, "நாலு நிமிஷம் ஆடாம அசையாம இருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பிளாஸ்டர் கலக்க உள்ளே போனார். ஒரு வாரத்தில் செட்டு தயாரானது. அரை நாள் போட்டிருந்த அப்பா அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"குத்துது."

அன்றைக்குப் பிடித்தது சனி. குத்துகிற இடத்தில் இவர் தேய்த்தார். மறுநாள் அதே வலது பக்கம் வேறு இடத்தில் குத்தியது. அங்கேயும் தேய்த்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகச் செட்டு மெலிந்ததே தவிர, குத்துவது நிற்கவில்லை. "மறுபடி ஒரு அச்சு எடுத்துப் பார்ப்போம் மாமா" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கெஞ்சுவார். "ஒரு தடவை வாய்க்குள்ள கையை விட்டது போதும்" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். செட்டு அலமாரியில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் கிடந்தது. எங்கள் வீட்டில் எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"அவர் வாய்தாங்க கோணல், விட்டுத் தொலைங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். இவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வாய் எப்பவும் தப்பா இருக்காது. செட்டுதான் தப்பா இருக்கும்" என்றார். வேலை கற்றுக்கொடுத்த முதலாளி முதல் நாளே இதைச் சொன்னாராம். இவருக்கு அது வேதம். குழாயை மூடிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "சரியா உக்காந்துடுச்சுன்னு உங்கப்பா வாயால ஒரே ஒரு தடவை கேட்டுட்டா போதும் எனக்கு. வேற ஒண்ணும் வேணாம்."

ஐம்பத்தேழு வயது மனுஷர் இப்படிப் பேசினால் கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்? பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. உள்ளதைச் சொன்னால் எரிச்சல்தான் அதிகம்.

இந்த வருஷம் அப்பாவின் லைசென்ஸ் முடியவிருந்தது. எண்பத்திரண்டு வயது, இனிமேல் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட மாட்டேன், இருக்கிற நாள்வரை பகலில் மட்டும் ஓட்டுங்கள் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் தள்ளி இருபத்தெட்டாம் தேதி கடைசி நாள். அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "கடைசி நாள் பாலம் வரைக்கும் ஒரு தடவை ஓட்டிட்டு வந்து சாவியைக் கொடுத்துடறேன்" என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள் ஒரு நிபந்தனையையும் போட்டார்.

"ஆனா அந்த பீடிங்கோட ஓட்ட மாட்டேன். பொக்கை வாயோட ஊர்வலம் போற மாதிரி இருக்கு."

சொன்னது பொக்கை வாய்.

பீடிங் என்றால் காரின் பக்கவாட்டில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஓடும் அலுமினியப் பட்டை. ஒரு பக்கத்துக்கு நான்கு துண்டு: முன் மட்கார்டு, இரண்டு கதவு, பின் மட்கார்டு. இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. வாங்கிய நாளில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாமாம். இப்போது அடுப்புச் சாம்பல் பூசிய மாதிரி வெளுத்து, புள்ளி புள்ளியாகக் கிடந்தது. முன் மட்கார்டுத் துண்டு ஒன்று வண்டியிலேயே இல்லை. கிளிப் உடைந்து கழன்றுவிட்டது என்று ஆறு வருஷத்துக்கு முன்பு அப்பா அதைத் துணியில் சுற்றி டிக்கிக்குள் போட்டிருந்தார்.

"பீடிங்கை நான் பார்த்துக்கறேன் மாமா" என்றார் இவர். "அலுமினியம்தானே."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பல்லு பார்த்த மாதிரியா மாப்பிள்ளை?"

இவர் சிரித்து மழுப்பினார். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. இந்த எட்டுத் துண்டில் தன் மானத்தையே வைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இருபத்தெட்டாம் தேதிக்குள் எட்டும் ஏற வேண்டும். ஏறினால் கிழவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரும். அதுதான் கணக்கு.

அதற்குப் பிறகு என் வீடு வீடாக இல்லை.

மேலே தெரிவது அழுக்கு இல்லையாம். தொழிற்சாலையிலேயே அலுமினியத்தின்மேல் ஒரு தோல் ஏற்றியிருக்கிறார்கள். வெயிலில் வெந்துபோனது அந்தத் தோல். அதை உரிக்காமல் எத்தனை பாலிஷ் போட்டாலும் விழலுக்கு இறைத்த நீர். உரிப்பதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். மழைநீர்க் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, இரண்டு முனையையும் அடைத்து, தொட்டி மாதிரி செய்து, அதைக் குளியலறையில் வைத்தார். கையுறை, முகக் கவசம், ஏற்கெனவே ஓட்டை விழுந்த ஒரு சட்டை. சோடா கரைத்த தண்ணீரில் துண்டை இறக்கியதும் குபுகுபுவென்று பொங்கும், மூக்கை எரிக்கும் வாடை வரும். மூன்று நாள் நாங்கள் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம். அந்த அம்மாள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "குழாய்த் தொட்டி போயாச்சா?" என்றுதான் கேட்கிறாள்.

உரித்த பிறகு நெளிசல் எடுக்க வேண்டும். பின்பக்கம் மரத்துண்டு கொடுத்து, பல்செட்டுக்கு வைத்திருக்கும் சின்னச் சுத்தியலால் டொக் டொக் என்று தட்டுவார். அப்புறம் தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாள் போடுவார். முதலில் முரடு, அடுத்து நடுத்தரம், அடுத்து நைஸ், அடுத்து அதைவிட நைஸ். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால்தான் முந்தின கீறல் போனதா என்று தெரியுமாம். இதை எனக்கு நான்கு தடவை விளக்கினார். நான் ஒரு தடவையும் கேட்கவில்லை.

கடைசியில் சுழலும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் கட்டியைத் தடவி மெருகு போடுவது. இவரிடம் இருப்பது பல்லுக்கு மெருகு போடும் மோட்டார். உள்ளங்கை அகலச் சக்கரம். கதவுத் துண்டு என் தோள் உயரம். முன்னறையில் எப்படித் திருப்பினாலும் சுவரில் இடித்தது. யோசித்து யோசித்து மோட்டாரை ஜன்னலோரம் மாற்றினார். பட்டையின் ஒரு முனை சக்கரத்தில், மறு முனை ஜன்னல் கம்பி வழியாகத் தெருவில். எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் பேப்பர் வாங்கப் போகும்போது எங்கள் ஜன்னலிலிருந்து ஓர் அலுமினியப் பாம்பு நீண்டு அவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அவர் ஓய்வு பெற்றவர், நேரம் நிறைய இருப்பவர். அரை மணி நேரம் வாசலில் நின்று பேசினார். எனக்குத்தான் பேசினார். இவர் மோட்டார் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

அலுமினியத்தைத் தேய்த்தால் கரி வரும் என்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். வெள்ளி மாதிரி இருப்பதிலிருந்து இத்தனை கரி எங்கிருந்துதான் வருகிறதோ. அது காற்றில் பறந்து நடு அறைக்கு வந்தது. வெள்ளை என்று சொன்னேன் அல்லவா? பதினெட்டுச் சீருடையில் கரும்புள்ளி. நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கத்தினேன்.

"என்னங்க இது! நாளைக்கு நர்சம்மா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்?"

இவர் ஒரு சட்டையை வாங்கி, புள்ளியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "மேலோட்டமாத்தான் இருக்கு" என்றார்.

அப்படியும் இப்படியுமாக இரண்டு மாதத்தில் ஏழு துண்டுகள் ஏறிவிட்டன. பொய் சொல்லக் கூடாது. அவை ஜொலித்தன. தெருவில் போகிறவர்கள் நின்று தலை கோதிக்கொண்டு போனார்கள். அப்பா மட்டும் தினமும் காலையில் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டிக்கிக்குள் கிடந்து வந்த எட்டாவது துண்டின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

எட்டாவது உட்காரவில்லை.

ஒரு முனையில் கிளிப் பிடித்தால் மறு முனை விரல் அகலம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த முனையை அமுக்கினால் நடுவில் எழும்பியது. இவர் அதைக் கழற்றி, லேசாக வளைத்து, வளைத்ததில் விழுந்த மடிப்பைத் தட்டி, தட்டிய தழும்பைத் தேய்த்து, நான்கு தாளும் போட்டு, மெருகும் போட்டு, கொண்டுபோய் வைத்தார். உட்காரவில்லை. மறுபடி கழற்றினார். ஒரு சுற்றுக்கு மூன்று நாள். இப்படி ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இல்லை, ஆறு தடவை. தேதி இருபத்தைந்தாகிவிட்டது.

"மட்கார்டே சரியில்லாம இருந்தா?" என்று நான் கேட்டேன். நான் துணி வெட்டுகிறவள். சட்டை சரியாக விழவில்லை என்றால் முதலில் உடம்பின்மேல்தான் சந்தேகப்படுவேன். ஒரு தோள் இறங்கியிராத மனுஷர் யார் இருக்கிறார்?

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். என் வண்டியில ஒரு கோணலும் கிடையாது. நாற்பத்தொரு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவன் வண்டி."

அவர் சொன்னதில்கூட எனக்கு ஆச்சரியமில்லை. தரையில் குந்தியிருந்த என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மாமா சொல்றது சரிதான். வண்டி தப்பா இருக்காது. பட்டைதான் தப்பா இருக்கும்."

வேதம்! நான் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், தையல் ஓடவில்லை. மேஜைமேல் குண்டூசி பொறுக்க வைத்திருக்கும் காந்தம் கிடந்தது. அதையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் நல்ல பக்க மட்கார்டின் வளைவை நாடாவால் அளந்தேன். அப்புறம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் கட்டைவிரல் அகலம் வித்தியாசம். பிறகு காந்தத்தை நல்ல பக்கம் வைத்தேன், டப்பென்று ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் வைத்தேன். வழுக்கித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இல்லை. பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பி மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் காந்தத்தைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா நாற்காலியைவிட்டு எழுந்து கல்லுளிமங்கன் மாதிரி உள்ளே போய்விட்டார்.

தெருமுனையில் டிங்கர் பட்டறை வைத்திருப்பவரை மறுநாள் கூட்டிவந்தேன். அவர் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ஒரே நொடியில் முழுப் பூசணிக்காயையும் வெளியே எடுத்துப் போட்டார்.

"இது நான் போட்ட பட்டிதானேம்மா. நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருந்தப்போ பெரியவர் வண்டியை உங்க வாசல் கேட்டுத் தூணில விட்டுட்டாரே? ரெண்டு நாளுக்குள்ள முடியணும்னு அவசரப்படுத்தினாரு. பள்ளத்தைத் தட்டி எடுக்க நேரமில்ல, அடைச்சுவிட்டேன். பீடிங் மேல ஏறாது பெரியவரேன்னு அப்பவே சொன்னேனே."

அப்பவே சொன்னாராம்! அப்படியென்றால் ஆறு வருஷமாக அந்த மனுஷருக்குத் தெரியும். மருமகன் மூன்று வாரமாகத் தரையில் குந்தி, வளைத்து, தட்டி, தேய்த்து, கை தோல் உரிந்து கிடந்ததை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். சட்டத்துக்குள் தொங்கும் ஒரு தாளுக்காக. நான் அப்பாவின் அறைக்குள் போய் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்?

வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் கோபமே இல்லாமல் டிங்கரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கோபமே வராதாங்க?"

"வருது. இருபத்தெட்டு முடியட்டும்" என்றார்.

டிங்கர் பட்டியை உரித்து எடுத்து, உள்ளிருந்து தட்டிப் பள்ளத்தை நிமிர்த்தி, மேலே பெயிண்ட் அடித்து முடிக்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது மட்கார்டு சரி. ஆனால் ஆறு தடவை தப்பாக வளைந்த பீடிங் எந்த வளைவுக்குத் திரும்பும்? நல்ல பக்கத்தைப் பார்த்துக் கண்ணளவில் வளைக்கலாம் என்றார் டிங்கர். இவர் தலையை ஆட்டிவிட்டு, இருபத்தேழாம் தேதி காலையில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். காருக்கு அச்செடுத்தார்.

மட்கார்டின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வாளி நிறையப் பிளாஸ்டர் கலந்து, பீடிங் ஓடும் கோட்டின்மேல் கையால் அள்ளி அள்ளி அப்பினார். ஆயிரம் வாய் பார்த்தவர் முதல்முறையாக ஒரு வாயில்லாத ஜீவனுக்கு அச்செடுக்கிறார். "இது இறுகுற வரைக்கும் யாரும் வண்டியைத் தொடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அப்பா எப்போது வெளியே வந்தார் என்று தெரியவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அசைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"அசைஞ்சா அச்சு தப்பாயிடும் மாமா."

"அப்புறமா தேய்ச்சுச் சரி பண்ண முடியாது?"

"முடியாது. அச்சு தப்பாப் போச்சுன்னா ஆயுசு பூரா தேய்ச்சாலும் உக்காராது."

அப்பா அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. வண்டிப் பக்கம் வந்த ஒரு தெருநாயைக் கையை வீசி அதட்டி விரட்டினார் என்று சொன்னால் சிரிப்பீர்கள், விரட்டினார். பிளாஸ்டர் இறுகும்வரை வண்டிக்குக் காவல் நின்றார்.

அச்சிலிருந்து மட்கார்டின் வளைவை அப்படியே பிளாஸ்டரில் வார்த்து எடுத்தார் இவர். பீடிங்கின் பின்பக்கம் துணி சோப்பைத் தேய்த்து, சின்ன நெருப்பால் சுட்டார். சோப்பு கறுத்தால் அலுமினியம் இளகிவிட்டது என்று அர்த்தமாம். இளகியதை வார்ப்பின்மேல் வைத்துக் கட்டை விரல்களால் அங்குலம் அங்குலமாக அமுக்கிக்கொண்டே போனார். பிறகு நான்கு தாள், துணிச் சக்கரம், ஜன்னல், தெரு. எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் அன்று எதிர்ச் சாரியில் நடந்தார்.

இருபத்தெட்டாம் தேதி மதியம் எட்டாவது பீடிங் ஏறியது. டக், டக், டக், டக் என்று நான்கு கிளிப்பும் விழுந்தன. முனை தூக்கவில்லை, நடு எழும்பவில்லை. முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடாக வெயில் ஓடியது. இவர் கட்டை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். வாழ்க்கையில் முதல்முறையாக "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாமல் எழுந்து நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

அப்பா பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "ஏறுங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காந்தத்தை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். ஒரு வார்த்தை! ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கிழவருக்கு என்ன குறைந்துபோகும்? இவர் முன் ஸீட்டில் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கதவை மட்டும் மெதுவாகத்தான் சாத்தினேன், பீடிங்குக்காக.

அப்பா நன்றாக ஓட்டினார். அதையும் சொல்ல வேண்டும். கியர் மாற்றியதே தெரியவில்லை. பாலம் வரை போனார், பாலத்தின்மேல் ஒரு நிமிஷம் நிறுத்தினார், திரும்பினார். வீட்டு வாசல் வந்தது. கேட்டுத் தூணுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு உள்ளே நுழைந்து நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். சாவியை எடுக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நான் அசைச்சேன் மாப்பிள்ளை."

"எதை மாமா?"

"வாயை. நாலு நிமிஷம்னு சொல்லிட்டு நீங்க உள்ள போனீங்கல்ல, அப்ப. பொண்ணைக் கொடுத்த வீட்டுல வந்து குந்திக்கிட்டு, மருமகன் எதிரே குழந்தை மாதிரி வாயைத் திறந்து உக்காந்திருக்கமேன்னு ரோஷம். வேணும்னுதான் அசைச்சேன். அப்புறம் சொல்ல வாய் வரல."

கார் ஓடாமல் நின்றது நல்லதாகப் போயிற்று. ஓடியிருந்தால் நான் குதித்திருப்பேன். ஒன்பது வருஷம்! ஒன்பது வருஷம் அந்த டம்ளருக்குத் தண்ணீர் மாற்றியவள் நான். ஒன்பது வருஷம் தன் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் இவர். நான் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் திரும்பி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"எந்தப் பக்கம் அசைச்சீங்க மாமா?"

"வலது பக்கம்."

"அதான்" என்றார் இவர். "அதான் வலது பக்கம் குத்துச்சு." பின்மண்டையை ஸீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரம் நனைந்திருந்தது. "நான் என் கைன்னு நெனச்சேன்."

அப்பா சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "இன்னொரு தடவை அச்சு எடுங்க" என்றார்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் அப்பாவை முன்னறை நாற்காலியில் உட்கார வைத்தோம். இவர் மாவைக் குழைத்து வாயில் வைத்து, இந்தத் தடவை உள்ளே போகாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார். நான் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அப்பா பேச முடியாத நாலு நிமிஷம், பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்ததில்லை. விடுவேனா?

எல்லாவற்றையும் சொன்னேன். தூணைச் சொன்னேன், பட்டியைச் சொன்னேன், பதினெட்டுச் சீருடையைச் சொன்னேன், பக்கத்து வீட்டுக் குளியலறையைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் இந்த மனுஷர் கெஞ்சியதையும், நீங்கள் முகத்தைத் திருப்பியதையும் தேதியோடு சொன்னேன். மூன்று நிமிஷத்தில் திட்டு தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது.

"அவர் கை நல்ல கைப்பா" என்றேன்.

அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் வழிந்த மாவோடு சேர்ந்தது. நான் மடியில் இருந்த வெள்ளைத் துணியாலேயே அதைத் துடைத்துவிட்டேன். அவர் அசையவில்லை.

"நாலு நிமிஷம் ஆச்சு மாமா. போதும், எடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்பா தலையைத் திருப்பாமல், ஒரு கையை மட்டும் மெதுவாக உயர்த்தி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி காட்டினார். இன்னும் கொஞ்சம்.